டிரிப் ஷீட்டில் ஏறிய தேனீக்கள்

எங்கள் பங்குக் கோயிலுக்கு ஐம்பது வருஷம் ஆகிறது. அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். "நம்ம பங்குல ஒரு நல்ல மனுசரப் பத்தி எழுதிக் குடுங்க பாப்பாம்மா" என்று ஃபாதர் என்னிடம் கேட்டார். நான் எட்டாவது வரை படித்தவள். கம்பெனி கேன்டீனில் இருபது வருஷமாகக் காய் நறுக்குகிறவள். என்னை ஏன் கேட்டார் என்றால், பங்குக் கூட்டத்தில் அதிகம் வாயாடுகிறவள் நான்தான். ஒரு வேலையைக் கொடுத்தால் கொஞ்ச நாளைக்கு வாய் அடங்கும் என்று நினைத்திருப்பார்.

அவர் எதிர்பார்த்தது பழைய உபதேசியாரையோ, கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவரையோ. நான் எழுதப் போவது வேன் ஓட்டும் ஏசுபாதத்தைப் பற்றி. ஆள் உயிரோடுதான் இருக்கிறார். நாற்பத்தொன்பது வயசு. காலை ஐந்தரை மணிக்கு வண்டியைக் கிளப்பித் தெருவையே எழுப்பி விடுகிறவர். உயிரோடு இருக்கிறவரைப் பற்றி எழுதினால் தலைக்கனம் வந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். அவருக்கு வராது. வந்தால் இறக்கி வைக்க அவர் சம்சாரம் ஜெபா இருக்கிறாள், பக்கத்து வீட்டில் நான் இருக்கிறேன்.

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஏரிப் பக்கம் திரும்பினால் எங்கள் காலனி. ஏசுபாதத்தின் அப்பா அம்மாவும், என் மாமனார் மாமியாரும் அடுத்தவர் கழனியில் நட்டு, களை எடுத்து, அறுத்துக் கொடுத்தவர்கள். எங்கள் ஜனத்துக்கென்று இந்த ஊரில் ஒரு துண்டு பூமி இருந்ததென்றால் அது ஏரிக்கரைக் கல்லறைத் தோட்டம்தான். உயிரோடு இருக்கும்போது கிடைக்காத நிலம், செத்தால் ஆறடி கிடைக்கும். இப்போது அந்தக் கழனிகளே கம்பெனிகளாகிவிட்டன. எங்கள் பிள்ளைகள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போய் வருகிறார்கள். இருக்கும் இடமோ இன்னும் ஆளுக்கு மூன்று சென்ட்தான்.

ஏசுபாதம் மாமல்லபுரத்தில் ஆட்களை ஏற்றி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து, எட்டரை மணிக்குக் கம்பெனி வாசலில் இறக்குவார். சாயங்காலம் ஐந்தரைக்குத் திருப்பி ஏற்ற வேண்டும். நடுவில் ஒன்பது மணி நேரம் வெட்டியாகக் கிடக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள், இல்லாவிட்டால் சீட்டாடுவார்கள். இவருக்குப் பகல் தூக்கமும் வராது, சீட்டும் தெரியாது. நிறுத்தும் இடத்தில் இருக்கிற புங்க மரத்தடியில் உட்கார்ந்து எதையாவது பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு மனுஷன் சும்மா உட்கார்ந்து பார்த்தால் என்னவெல்லாம் கண்ணில் படும் என்பதற்கு இவர்தான் சாட்சி.

தேனீ அவரைத் தேடி வந்தது கொரோனா ஊரடங்கில். வேன் இரண்டு மாசம் வீட்டு வாசலில் நின்றது. கடைசியில் எடுக்கப் போனால் படிக்குக் கீழே இருந்த டூல்ஸ் பெட்டிக்குள் தேனீக் கூடு. தெருவே கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னது. மருந்தடி என்றார் ஒருவர், கொளுத்து என்றார் இன்னொருவர். கொளுத்து என்றது நான்தான், மறைப்பானேன். ஏசுபாதம் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, அடையை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு பழைய மரப்பெட்டிக்குள் வாழை நாரால் கட்டினார். அன்றைக்கு அவர் முகம் பணியாரச் சட்டி மாதிரி வீங்கியது. "இன்னாத்துக்குயா இந்த வேண்டாத வேல?" என்று ஜெபா கத்தினாள். "வூடு தேடி வந்ததுங்கள எப்டிடி கொளுத்தறது?" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பயிற்சிக்குப் போனார், சரியான பெட்டி வாங்கினார், ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கக் கற்றுக்கொண்டார். மூன்று சென்டில் மூன்று பெட்டி. ஒரு நாள் நான் துணி காயப்போடும்போது ஒன்று என் கண் இமையிலேயே கொட்டிவிட்டது. நான் வாசலில் நின்று பேசிய பேச்சை இந்த மலரில் எழுத முடியாது.

அப்போது சமாதானம் செய்து வைத்தது என் வீட்டுக்காரர் ஜெரோம். அவரும் ஏசுபாதமும் ஒரே லாரியில் டிரைவரும் கிளீனருமாகத் தொழில் கற்றவர்கள். ஏசுபாதத்துக்கு அவர் அண்ணாத்த, நான் அண்ணி. பீடியை வாயில் வைத்தபடி ஜெரோம் சொன்னார்: "பொட்டிய கல்லறையில கொண்டு போயி வெய்டா. வடக்குச் சொவராண்ட எடம் காலியாத்தான் கீது. அங்க எவன கொட்டினாலும் எவன் கேக்கப் போறான்?"

எல்லோரும் சிரித்தோம். பங்குக் கூட்டத்தில் கேட்டு, மார்ச் மாசம் பெட்டிகளை வடக்குச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார். இரண்டே மாசத்தில், மே மாசம், அதே வடக்குச் சுவரோரம் ஜெரோமும் போய்ச் சேர்ந்தார்.

இரண்டாம் அலை. எனக்கும் காய்ச்சல், வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். பூ இல்லை, பாட்டு இல்லை, ஒரு பிடி மண் போட நான் இல்லை. வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு நின்றது மொத்தம் நாலே பேர். வெளியூரிலிருந்து வந்த தொண்டர்கள் இரண்டு பேர், குழி வெட்டியவர், ஏசுபாதம். அன்றைக்குச் சாயங்காலம் ஏசுபாதம் என் ஜன்னலுக்கு வெளியே தூரமாக நின்றார். "அண்ணி, ஜபம் சொல்லிட்டோம் அண்ணி. அண்ணாத்தைய தனியா வுடல" என்றார். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் ஓடிய மனுஷன், போகும்போது நாலு பேர்.

அதனால்தான் கல்லறைத் திருநாள் எனக்குச் சாதாரண நாள் இல்லை. நவம்பர் இரண்டாம் தேதிக்கு முன்னால் எல்லாக் குடும்பமும் போய்ப் புல் பூண்டு இல்லாமல் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளையடித்து, அன்றைக்கு மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றுவோம். புல் முளைத்த கல்லறை என்றால் கேட்க நாதியில்லாத கல்லறை என்று அர்த்தம். என் வீட்டுக்காரரை அப்படி ஒருத்தர் சொல்ல நான் விடுவேனா? எனக்கு முழங்கால் வலி, குந்த முடியாது. அதனால் வருஷா வருஷம் ஏசுபாதம்தான் கருக்கரிவாளோடு போய் வடக்குச் சுவர் முழுக்க, பெட்டி வைத்த இடம் வரை, மொட்டை அடித்த மாதிரி சுத்தம் செய்துவிட்டு வருவார். நான் கேட்டதும் இல்லை, அவர் சொல்லிக் காட்டியதும் இல்லை.

இதற்கிடையில் தேனீக்கு நோய் வந்தது. புழு வெளியே வருவதற்கு முன்பே அறைக்குள் செத்து, தண்ணீர் நிரப்பிய சின்னப் பை மாதிரி ஆகிவிடும். வைரஸாம், மருந்து கிடையாதாம். முதல் வருஷம் மூன்று பெட்டியில் ஒன்று போயிற்று. கோடையில் பிரித்து ஐந்தாக்கினார். மழை முடிவதற்குள் இரண்டு போயிற்று. அடுத்த வருஷம் ஆறு ஆக்கினார், நாலு போயிற்று. மிச்சம் இரண்டு. ஜெபா சொல்வாள், செத்த புழுவை அவர் குண்டூசியால் ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டுவிட்டு அன்றைக்குச் சாப்பிட மாட்டார் என்று. ஆறு பெட்டியையும் பேர் வைக்காத குறையாக வளர்த்த மனுஷன். கண்ணுக்கு முன்னால் வருஷா வருஷம் இப்படிப் போனால் யாருக்குத்தான் சோறு இறங்கும்?

போன வருஷம் செப்டம்பரில் ரேணுகா என்று ஒரு பெண் வந்தாள். செங்கல்பட்டில் வீடு எடுத்துத் தங்கி, தேனீ நோய் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். பயிற்சி கொடுத்தவர்கள் அனுப்பி வைத்தார்களாம். ஜெபா வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தபடி, "எந்த மாசம் எந்தப் பூவுக்குப் போகுதுன்னு கவனிச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டாள்.

ஏசுபாதம் உள்ளே போய் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் டிரிப் ஷீட். முன்பெல்லாம் வேன் டிரைவர்கள் தினமும் எழுதிக் கொடுக்க வேண்டிய தாள். கம்பெனி செல்போன் ஆப்புக்கு மாறிய பிறகு மிச்சக் கட்டுகளை எடைக்குப் போட இருந்தார்கள். இவர் கேட்டு வாங்கி வந்து தேனீக்கு எழுதியிருக்கிறார். டிரைவர் புத்தி எங்கே போகும்? ஏறும் இடம் என்ற கட்டத்தில் 'ஏரிக்கரைப் புங்கம்', 'உபதேசியார் வீட்டு முருங்கை', 'தும்பை'. இறங்கும் இடம் என்ற கட்டத்தில் 'பெட்டி 1', 'பெட்டி 4'. ஆட்கள் என்ற கட்டத்தில் 'சுமார்', 'குறைவு', 'நல்ல கூட்டம்'. நேரம், மழையா வெயிலா, புழு செத்த நாள், எல்லாம். மூன்று வருஷத்துக்கு.

ரேணுகா டீயை மறந்துவிட்டாள். "சார், இது எங்ககிட்டயே கிடையாது" என்றாள். ஒவ்வொரு தாளாகப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

"பூத்தேன்னா வெறும் சக்கரத் தண்ணிதானேம்மா?" என்று நான் கேட்டேன். கேட்காமல் என்னால் இருக்க முடியாது.

இல்லை என்றாள் அந்தப் பெண். செடிக்கு ஓடத் தெரியாது, கடிக்கத் தெரியாது. பூச்சி தின்னாமல் இருக்க இலையிலும் தண்டிலும் கசப்பு, காரம், வாசனை என்று எதையாவது செய்து வைத்துக்கொள்ளும். அதில் துளியூண்டு பூத்தேனிலும் மகரந்தத்திலும் கலந்துவிடுகிறது. காபிப் பூவின் தேனில் காபியில் இருக்கிற அதே சரக்கு கொஞ்சம் இருக்கும். அதைக் குடித்த தேனீக்கு அந்தப் பூ நன்றாக ஞாபகம் இருக்கும். "தேனீயும் டீக்கட கேஸுதான்னு சொல்லு" என்றேன். புகையிலைப் பூவிலும் ஒன்று இருக்கிறதாம், நோய் கண்ட தேனீ சில சமயம் அதைத் தேடிக் குடிக்கிறதாம். நல்ல வேளை ஜெரோம் இதைக் கேட்கவில்லை. பீடிக்கு ஒரு சர்டிபிகேட் கிடைத்திருக்கும்.

துளசி, ஓமம் மாதிரி வாசனைச் செடிகளில் இருப்பது கிருமியை அடக்கக் கூடியது; இன்னும் சிலது தேனீயின் உடம்பு விஷத்தை வெளியேற்ற உதவும்; பலவகைப் பூ கிடைக்கிற தேனீ திடமாக இருக்கும் என்றெல்லாம் சொன்னாள். கூடவே கையைத் தூக்கி, "ஆனா இந்தப் புழு நோய்க்கு இதுதான் மருந்துன்னு யாரும் நிரூபிக்கல. அதிகமானா தேனீக்கே கெடுதல். ஞாபகம் வச்சுக்கோங்க" என்றாள். ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியவர் காதில் பாதிதான் விழுந்திருக்கிறது.

அந்தப் பெண் போன மறுநாள் ஏசுபாதம் மருந்துக் கடைக்குப் போய் ஒரு பாட்டில் ஓம வாட்டர் வாங்கினார். எங்கள் ஊரில் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால் ஓம வாட்டர், பெரியவருக்குப் பிரியாணி செரிக்காவிட்டால் ஓம வாட்டர். தேனீக்கு மட்டும் ஆகாதா என்ன? மழைக்காலத்துக்குக் கொடுக்கும் சர்க்கரைப் பாகில் முழுப் பாட்டிலையும் கவிழ்த்து, இரண்டு பெட்டியில் ஒன்றுக்கு வைத்துவிட்டார். மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால் பெட்டி காலி. தேனீக்கள் கூண்டோடு கிளம்பிவிட்டன. எந்தப் பக்கம் போனதென்றுகூடத் தெரியவில்லை.

அன்றைக்கு அவர் வேன் படியில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். "வூட்டு வைத்தியம் பண்ணி வூட்டக் காலி பண்ணிட்டேன் அண்ணி" என்றார். நான் கிண்டல் செய்யவில்லை. என் பிள்ளைகளுக்கு நானும் அந்தப் பாட்டிலைத்தானே கவிழ்த்தேன்.

ரேணுகா போனிலேயே அவரை ஒரு பிடி பிடித்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "பூவில இருக்கிறது துளி சார். அதுவும் எந்தப் பூவில எவ்வளவு குடிக்கணும்னு அதுக்குத் தெரியும். நாம புடிச்சு ஊத்தக் கூடாது." அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாம் பந்தியில் உட்கார்ந்து சொல்கிறோம். தேனீ விஷயத்தில் மறந்துவிட்டோம்.

ஆக, மிச்சம் ஒரு பெட்டி. அது அந்த மழைக்காலத்தைத் தாண்டினால் மறுபடி பிரிக்கலாம். தாண்டாவிட்டால் அவருடைய தேனீக்கதை அதோடு முடிந்தது.

அக்டோபர் கடைசி. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. பூசை முடிந்து வந்து நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஜெபா வந்து வாசலில் நின்றாள்.

"இன்னாடி?"

"ஒண்ணியும் இல்லக்கா. சாயங்காலம் அந்தப் பொட்டிய அச்சரப்பாக்கம் எத்துகினு போறாரு. தணிகைவேலுன்னு ஒருத்தரு தோட்டம் வெச்சிகீறாரு. அவராண்ட குடுத்துட்றாராம்."

"குடுத்துட்றாரா? உசுரா வெச்சிகினு இருந்தது ஆச்சே!"

"உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஜெபாவிடம் ஒரு ரகசியம் தங்காது என்பது அவளிடம் இருக்கும் நல்ல குணம்.

ரேணுகா அந்த டிரிப் ஷீட்டுகளை நாள் வாரியாக வைத்துப் பார்த்திருக்கிறாள். மூன்று வருஷமும் நோய் தலைகாட்டியது கல்லறையைச் சுத்தம் செய்து சரியாக மூன்று வாரம் கழித்து. மழைக்காலத்தில் தேனீ தூரம் போக முடியாது. மழை விட்ட அரை மணி நேரத்தில் பக்கத்தில் பூ இருந்தால்தான் உண்டு. அந்த நேரத்தில் வடக்குச் சுவரோரம் தும்பையும் நாய்த்துளசியும் மூக்குத்திப் பூவும் மண்டிக் கிடக்கும். அந்த வாசனைச் செடிகள்தான் தேனீக்குச் சோறும் மருந்தும். சரியாக அந்த நேரம் பார்த்து அதை ஒருத்தர் அடியோடு அறுக்கிறார். அறுத்துவிட்டுச் சர்க்கரைப் பாகு வைக்கிறார். வயிறு நிறையும், உடம்பில் தெம்பு இருக்காது. அறுத்த ஒருத்தர் யார் என்றால் ஏசுபாதம். யாருக்காக என்றால் என் வீட்டுக்காரருக்காக.

"மேடம் போன் பண்ணதுலேர்ந்து ராத்திரி தூங்கல அவரு" என்றாள் ஜெபா. "அண்ணியாண்ட சொன்னா அது மனசு கஷ்டப்படும், அண்ணாத்த கல்லறைய நான் அப்டியே வுட மாட்டேன், பொட்டிய அனுப்பிட்றேன்னு சொல்லிட்டாரு."

மீனை அப்படியே மூடி வைத்துவிட்டு, கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் ஏரிக்கரைக்கு நடந்தேன். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. மறைத்த ஏசுபாதத்தின் மேலா, என் மேலா, சாகும்போது சொல்லாமல் கொள்ளாமல் போன ஜெரோம் மேலா.

ஏசுபாதம் பக்கத்து இரண்டு கல்லறையை முடித்துவிட்டு ஜெரோம் பக்கம் திரும்பியிருந்தார்.

"இன்னாபா ஏசு, பொட்டிய நாடு கடத்துறியாமே?"

திடுக்கிட்டு எழுந்தார். "இன்னா அண்ணி, நீ எதுக்கு இங்க வந்த? முட்டி வலிக்கும் இல்ல? அங்க தோட்டம் கீது அண்ணி. நல்லா இருக்கும்."

"இங்க இருந்தா இன்னாவாம்?"

அரிவாளில் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்தார். "இங்க அண்ணாத்த கீறாரு" என்றார். "அன்னிக்கி ஒரு பூ கூடப் போடல நாங்க. வருசத்துல ஒரு நாளாச்சும் சுத்தமா இருக்க வாணாமா?" என்றார்.

அப்போதுதான் நான் அந்தக் கல்லறையைச் சரியாகப் பார்த்தேன். எப்போதும் சுத்தம் செய்த பிறகுதான் வருவேன். அறுப்பதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. ஜெரோம் பேர் போட்ட சிலுவை வரைக்கும் தும்பை பூத்திருந்தது, வெள்ளை வெளேரென்று. கால் மாட்டில் நாய்த்துளசி கதிர் கதிராக நின்றது. காலையில் தூறியிருந்ததால் வாசனை கும்மென்று வந்தது. ஒவ்வொரு கதிரிலும் தேனீ. அன்றைக்கு ஒரு பூ போடவில்லையே என்று மூன்று வருஷமாக அழுதவள் நான். கல்லறை மேல் தானாக வந்து நின்ற பூவை, வருஷா வருஷம் நானே ஆள் விட்டு அறுத்திருக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஏசுபாதம் பதறிப்போய், "அண்ணி, பாதிய வுட்டுட்டு பாதிய அறுக்கட்டா? பொட்டி போனா போவட்டும் அண்ணி" என்று என்னென்னவோ சொன்னார்.

"வாய மூடு. அரிவாள இப்டி குடு" என்று வாங்கிக்கொண்டேன். "கோரைய மட்டும் கையால புடுங்கு. பூ கீறத எவனும் தொடக் கூடாது. பொட்டி எங்கியும் போவாது."

சொல்வது சுலபம். நவம்பர் இரண்டாம் தேதி வந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்க வெள்ளையும் சாமந்தியுமாகப் பளபளவென்று இருக்க, வடக்குச் சுவரோரம் தலை சீவாத பிள்ளை மாதிரி ஜெரோம் கல்லறை. கடந்து போகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போனார்கள். காதில் விழும்படி ஒருத்தி, "முட்டி வலியாம், பாவம்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மெழுகுவத்தியைச் செடியில் பற்றிக்கொள்ளாமல் ஒரு தட்டில் மணல் போட்டு அதில் நட்டேன்.

முட்டுக்காட்டிலிருந்து நாத்தனார் வந்தாள். ஜெரோமுக்கு மூத்தவள். ஞானஸ்நானப் பேர் வேறு, ஆனால் ஊரும் உறவும் கூப்பிடுவது வேண்டா என்றுதான். நாலாவதும் பெண்ணாகப் பிறந்தவளுக்கு வைத்த பேர். பெரிய மாலையோடு வந்தவள் கல்லறையைப் பார்த்ததும் மாலையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாடி பாப்பா இது? என் தம்பி அனாதையா? அவன் மேல புல்லு மொளச்சி கெடக்குது, நீ மசமசன்னு நின்னுகினு கீற! நாலு பேரு பாத்தா இன்னா சொல்வாங்க?"

தோட்டமே திரும்பிப் பார்த்தது. ஏசுபாதம் குறுக்கே வந்து, "எம்மேல தப்பு, நான்தான்..." என்று தொடங்கினார். நான் அவரைத் தள்ளிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கி வந்ததே நாலு பேருதான். நீயும் வரல, நானும் வரல, வர முடியல. அந்த நாலு பேர்ல ஒருத்தரு இதோ நிக்கிறாரு. மத்த நாலு பேரு இன்னா வேணா சொல்லட்டும். இந்தப் பூவ இவரு தேனீக்கு உம் தம்பி குடுக்கறாரு. பொட்டிய இங்க கொண்டாந்து வெய்யின்னு சொன்னதே அவருதான்."

வேண்டா கீழே வைத்த மாலையைக் குனிந்து எடுத்தாள். அவள் கையில் இருந்த சாமந்தி மாலையில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. விரட்டப் போனவள் விரட்டவில்லை. பிறகு அழ ஆரம்பித்தாள். அந்த மே மாசத்தில் அவளும் அழ இடமில்லாமல் தூரத்தில் கிடந்தவள்தானே. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதது அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். எங்கள் கல்லறை முன்னால் நின்று, செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்த பிறகு கேள்வி கேட்கும் தைரியம் யாருக்கு வரும்? மற்ற கல்லறைக்குத் தெளித்த மாதிரியே தெளித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

அந்த வருஷம் மழை பலமாகத்தான் பெய்தது. டிசம்பரில் புயல் வேறு. ஏசுபாதம் பெட்டி மேல் கல்லை வைத்துக் கட்டிவிட்டு, மழை விட்டபோதெல்லாம் ஓடி ஓடிப் பார்த்தார். பொங்கல் கழித்து ரேணுகா முன்னால் பெட்டியைத் திறந்தார். நானும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். செத்த புழு ஒன்றிரண்டு இருந்தது. மற்ற அறையெல்லாம் வெள்ளைப் புழு, சாதப் பருக்கை மாதிரி கொழு கொழுவென்று. "தப்பிச்சிடுச்சி சார்" என்றாள் ரேணுகா. உடனே வழக்கம்போலக் கையைத் தூக்கினாள்: "ஒரு வருஷத்தை வச்சு எதுவும் சொல்ல முடியாது. இன்னும் பார்க்கணும்." பார்க்கட்டும். நானும் பார்க்கிறேன். இந்த வருஷம் நாலு பெட்டி ஆகியிருக்கிறது.

இந்தத் திருநாளுக்குச் சுத்தம் செய்யப் போனபோது இன்னும் ஏழு குடும்பம் கோரையை மட்டும் பிடுங்கிவிட்டுப் பூவை விட்டது. வேண்டா போன் பண்ணி, "எந்தச் செடிய வுடணும், எத்த புடுங்கணும், சரியா சொல்லு" என்று என்னையே அதட்டினாள்.

இந்த மலருக்காக ஏசுபாதத்திடம் விவரம் கேட்டேன். "என்னப் பத்தி இன்னா அண்ணி எழுத கீது?" என்று வண்டி துடைக்கப் போய்விட்டார். ஜெபாதான் அந்த டிரிப் ஷீட் கட்டைத் தூக்கிக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். தேதி பார்ப்பதற்காக ஒவ்வொன்றாகப் புரட்டினேன். 2024 நவம்பர் இரண்டு கிடைத்தது. நான் ஊர் வாயில் விழுந்தேன் என்று இடிந்துபோய் வீட்டில் படுத்திருந்த அந்த மத்தியானம், எல்லோரும் போன பிறகு, அவர் கல்லறையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

ஏறும் இடம்: ஜெரோம் அண்ணாத்த.

இறங்கும் இடம்: பெட்டி 1.

ஆட்கள்: எண்ண முடியல.